சுதர்ஷன் பிழை

மட்டாஞ்சேரி,
4 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, மதுவந்தி அநேக நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை, முதல் காபிக்குப் பிறகும் இரண்டாவது காபிக்கு முன்பும், என் வாழ்க்கையின் மிக முக்கியமான தீர்மானத்தை எடுத்திருக்கிறேன். இனி நான் எழுதும் எந்த ஆய்வுக் கட்டுரையிலும், அடிக்குறிப்பில்கூட, டாக்டர் சுதர்ஷனின் கட்டுரையை மேற்கோள் காட்டப்போவதில்லை. உடனே இவரிடம் சொன்னேன். "சரி, சட்னிக்குத் தேங்காய் இருக்கா?" என்று கேட்டார். பக்கத்தில் சரித்திரம் நடந்தால் இவருக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் கோபத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. 2009-ல் நானும் சுதர்ஷனும் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். யானைக்கால் நோய்க் கிருமி ராத்திரியில்தான் ரத்தத்தில் தலைகாட்டும் என்பதால், ஊழியர்கள் இருட்டில் வீடு வீடாகப் போய் விரலைக் குத்த வேண்டியிருந்தது. பகலில் எடுத்த ரத்தத்திலேயே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்றை இரண்டு பேருமாகச் செய்தோம். அதாவது, சோதனையை நான் செய்தேன். "ரெண்டு பேருமாச் செய்தோம்" என்று அவர் சொன்னார். கட்டுரை வெளிவந்தபோது ஆசிரியர் அவர் ஒருவர்தான். என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றியுரையில் இருந்தது: "குளிர்பெட்டியைப் பராமரித்த திருமதி மதுவந்திக்கு நன்றி." பதினைந்து வருஷமாக அந்தக் குளிர்பெட்டியை நான் மனசுக்குள் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இங்கே கொச்சியிலேயே, காக்கநாட்டில் புதிதாக ஒரு மருத்துவ ஆய்வு மையம் வருகிறது. அதன் இயக்குநர் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கப் போகிறாராம். எங்கள் கல்லூரி ஆய்வகமும் அந்த மையத்தின் கீழ் வந்துவிடும். அவர் இயக்குநரானால், நான் பல் பிடுங்க லீவு கேட்டாலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு கையெழுத்தைத் தடுத்துவிட்டால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன். விளம்பரத்தைக் கத்தரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தகுதிகள் எல்லாம் பொடி எழுத்தில் இருந்ததால் நான் படிக்கவில்லை.

மன்னியின் முழங்கால் எப்படி இருக்கிறது? நிகில் எப்படி இருக்கிறான்? போன வருஷம் அவனுடைய முதல் கட்டுரை மதிப்பீட்டுக்கு என்னிடம் வந்ததையும் நான் நிராகரித்ததையும் உங்களிடம் நானே சொன்னேன். சொந்த மருமான், உங்கள் பிள்ளை என்று தெரிந்தும் சலுகை காட்டாமல் முறைப்படிச் செய்தேன். அவன் அதில் சுதர்ஷனை நாலு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்ததற்கும் என் முடிவுக்கும் சம்பந்தமில்லை. "இந்த ஆய்வாளர் வேறு துறையில் பிரகாசிக்கலாம்" என்று நல்லெண்ணத்தோடு ஒரு வரியும் சேர்த்தேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, எனக்குப் பொறுமை இருப்பதில்லை. அதனால் பதிலைக் கடிதமாகவே எழுதவும்.

மன்னிக்கும் என் நமஸ்காரம்.
மதுவந்தி


நங்கநல்லூர், சென்னை,
22 ஜனவரி 2024

சௌபாக்யவதி மதுவந்திக்கு, அண்ணா வெங்கிடராமன் அநேக ஆசீர்வாதம்.

இங்கே க்ஷேமம். மன்னி முழங்காலுக்குத் தைலத்தை மாற்றியிருக்கிறாள். வலி அப்படியே இருக்கிறது, வாசனை மாறியிருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள். மாடி வீட்டுக்காரரின் நாய்க்கு ஒரு வாரமாக ஜுரம், இப்போது தேவலை.

உன் தீர்மானத்தை இரண்டு தடவை படித்தேன். நீ சொன்னபடி பத்திரமாகவும் வைத்துவிட்டேன். யார் யாரை எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று ஆய்வு நூலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து எண்ணியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீ மேற்கோள் காட்டாதது சுதர்ஷனுக்குத் தெரியவே தெரியாது. கல்யாணத்துக்கு வராமல் இருந்து பழிவாங்கின நம் அம்புஜம் அத்தையை நினைத்துப் பார். அத்தை வரவில்லை என்பது அந்த வீட்டில் யாருக்காவது தெரிந்ததா? ஆல்பம் வந்த பிறகும் தெரியவில்லை.

அந்தக் கட்டுரையில் அடிப்படையான தப்பு ஒன்று இருக்கிறது என்று நீ அந்தக் காலத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தாய். நீ மட்டும் தெரிந்துவைத்திருந்தால் அது உன் வயிற்றெரிச்சல். அச்சில் வந்தால் அவன் தப்பு. எழுது.

விளம்பரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். நல்ல விளம்பரம்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.
வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி,
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நாங்கள் சௌக்கியம். மழையே இல்லாமல் கொசு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. நாய் குணமானது பற்றிச் சந்தோஷம். நிகிலைப் பற்றி நீங்கள் எழுத மறந்துவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னதுதான் சரி. தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டேன். தப்பு என்ன என்று உங்களுக்கு விளக்குகிறேன், உங்களுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

இந்த மாதிரிச் சோதனைக்கு இரண்டு கூட்டம் வேண்டும். ஒன்று, மட்டாஞ்சேரி மாதிரி நோய் உள்ள ஊரில் குடியிருப்பவர்கள். இன்னொன்று, நோயே எட்டிப்பார்க்காத ஊர்க்காரர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தின் ரத்தத்தை வைத்துத்தான் "இதற்கு மேல் இருந்தால் நோய்" என்று கோடு கிழிக்க வேண்டும். அதற்காக சுதர்ஷன் கழுகுமலைப் பக்கம் போயிருக்க வேண்டும். அங்கே வெயில். ஆகவே எர்ணாகுளம் பிராட்வேயில் கடை வைத்திருக்கும் தமிழ்க்காரர்களை ஒரு கூடத்துக்கு வரவழைத்து, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, சொன்ன ஊரை எழுதிக்கொண்டு, ரத்தம் எடுத்துக்கொண்டார். கட்டுரையில் "நோயற்ற தமிழ்நாட்டுக் கிராமங்களில் வசிப்பவர்கள்" என்று போட்டார். குப்பிகளின் மேல் பெயர் எழுதி ஒட்டியது நான். குளிர்பெட்டி பராமரிப்பில் அதுவும் சேர்த்தி.

போன சனிக்கிழமை என் எம்.எஸ்ஸி. மாணவி இசக்கிசெல்வியை அழைத்துக்கொண்டு பிராட்வே போனேன். அவள் தமிழில் பேசுவாள். எழுதச் சொன்னால் கை மலையாளத்துக்குப் போய்விடும். அன்றைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவரான வெங்காயக் கடை முத்துராமலிங்கத்தைக் கண்டுபிடித்தோம்.

"எங்களுக்குக் கழுகுமலைல்லா," என்றார், வெங்காயத் தோலை ஊதித் தள்ளியபடி.

"இங்க வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"வந்தா? நா பொறந்ததே மட்டாஞ்சேரிதான். எங்கய்யா வந்தாரு, வள்ளத்துல மூட்டை தூக்க."

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட கழுகுமலைன்னு சொன்னீங்க?"

"எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். எங்க குடியிருக்கன்னு அவரு கேக்கவே இல்லியே. ஒரு ஜூஸு, ரெண்டு பிஸ்கட்டு. அதுக்கு இம்புட்டு வெவரம் போதும்னு விட்டுட்டேன்."

"டீச்சரே, எங்கப்பாவும் இப்படித்தான்," என்றாள் இசக்கிசெல்வி. "வைப்பின்ல வீடு கெட்டி, ரேஷன் கார்டு வாங்கி, ஓட்டும் இங்கதான் போடுதாரு. ஊரு எதுன்னு கேட்டா நாங்குநேரிம்பாரு. நானே ரெண்டு மட்டந்தான் போயிருக்கேன். பஸ்ல வாந்தி."

முத்துராமலிங்கம் என்னைப் பார்த்தார். "டீச்சருக்கு எந்த ஊரு?"

"கல்பாத்தி," என்றேன்.

"அங்க எத்தன வருசம் இருந்திய?"

நம் குடும்பம் நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிறது அண்ணா. தேர் பார்க்க இரண்டு தடவை கல்பாத்திக்குப் போயிருக்கிறேன். இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆக, நோயற்ற கூட்டம் என்று வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து நம் கால்வாய்க் கரைக் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தவர்கள். கோடு தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. அந்தச் சோதனைப்படி, கால் வீங்கி உட்கார்ந்திருப்பவரில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. இதை நான் 2009-லேயே சொன்னேன். "மதுவந்தி, குளிர்பெட்டி மூடியிருக்கோன்னு ஒரு தரம் பாத்துடு," என்றார்.

எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மதுவந்தி


நங்கநல்லூர்,
9 மார்ச் 2024

சௌ. மதுவந்திக்கு ஆசீர்வாதம்.

மன்னி பழைய தைலத்துக்கே திரும்பிவிட்டாள். மற்றபடி இங்கே க்ஷேமம். அங்கே கொசுவலை கட்டிக்கொண்டு படுக்கவும்.

வெங்காயக்காரர் விஷயத்தை மன்னிக்குப் படித்துக் காட்டினேன். அவளும் தனக்குக் கொல்லங்கோடு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிறந்தது மாம்பலம்.

எழுதும்போது மூன்று விஷயங்களைக் கவனி. முதலில், "ஒரு முந்தைய ஆய்வு" என்று பூசி மெழுகாதே. அவன் பெயர், கட்டுரைத் தலைப்பு, ஆய்விதழ், வருஷம், பக்க எண் எல்லாவற்றையும் முழுசாகக் கொடு. இல்லாவிட்டால், இது என்னைப் பற்றியது இல்லை என்று நழுவிவிடுவான். அடுத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் கொட்டாதே. தனித்தனியாக எழுது, தப்பு ஒன்றுதான் என்றாலும் அதைப் பார்க்கப் பல கோணங்கள் உண்டு. கடைசியாக, நீ மட்டும் எழுதினால் பொறாமை என்பார்கள். உன்னோடு படித்தவர்கள் புவனேஸ்வரிலும் டாக்காவிலும் நைரோபியிலும் இருக்கிறார்களே, எல்லாரையும் எழுதச் சொல். ஒருத்தி சொன்னால் சண்டை, நாற்பது பேர் சொன்னால் அறிவியல்.

தேர்வுக் குழு எப்போது கூடுகிறது என்று தெரிந்தால் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு, வெற்றியுடன் நமஸ்காரம்.

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். வெறும் உடம்பு சௌக்கியம் என்று எழுத மனமில்லை. இப்போது உடம்பு, மனம் இரண்டும் சௌக்கியம்.

கட்டுரை வெளிவந்துவிட்டது. தலைப்பிலேயே அவர் பெயர். உள்ளே பதினேழு இடத்தில் அவர் கட்டுரையை முழு விவரத்தோடு குறிப்பிட்டிருக்கிறேன். புவனேஸ்வர் தோழி ஒரு கடிதம் வெளியிட்டிருக்கிறாள். டாக்காக்காரர் இரண்டு. நைரோபியில் ஒருவர் இதையே தன் மாணவர்கள் ஆறு பேருக்குப் பயிற்சியாகக் கொடுத்து, ஆறையும் அச்சிட்டுவிட்டார். நான் நன்றி சொன்னதற்கு, "எங்களுக்கும் கட்டுரை வேண்டுமே" என்று பதில் எழுதினார். என்ன நேர்மை!

முந்தாநாள் சுதர்ஷனே போன் செய்தார்.

"மதுவந்தி, படிச்சேன் கேட்டியோ. நன்னா எழுதியிருக்கை."

"உங்க தப்பைச் சுட்டிக் காட்டியிருக்கேன்."

"ஆமாமா. தலைப்பு, வருஷம், பக்கம் எல்லாம் கரெக்டா கொடுத்திருக்கை. இந்தக் காலத்துல ஆரு அத்தனை மெனக்கெடறா? இன்னும் எழுதுவியோ?"

"கண்டிப்பா எழுதுவேன்."

"எழுது, எழுது. ஆத்துல எல்லாரும் சுகம்தானே?"

பயந்துவிட்டார் அண்ணா. பதினைந்து வருஷத்தில் என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே கேட்காத மனுஷன்.

ஒரு யோசனை வேண்டும். அவர் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியர் எனக்கு எழுதியிருக்கிறார். நான் முறைப்படி ஒரு புகார் கொடுத்தால், அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றதாக அறிவித்து, கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்களாம். கொடுத்துவிடட்டுமா?

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியை இரண்டாவது தடவையாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தகுதியுள்ளவர் ஒருவரும் கிடைக்கவில்லையாம். அவரும் இல்லை என்றுதானே அர்த்தம்? அன்றைக்கு நானே பால் பாயசம் வைத்தேன்.

நிகில் என்ன செய்கிறான்? யாரோ அவன் ஆய்வை விட்டுவிட்டான் என்றார்கள். நம்பவில்லை.

மதுவந்தி


நங்கநல்லூர்,
2 செப்டம்பர் 2024

சௌ. மதுவந்திக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் க்ஷேமம். அவசரமாக எழுதுகிறேன், ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

புகார் கொடுக்காதே. கட்டுரையை எடுத்துவிட்டால் அப்புறம் எதைக் காட்டித் திட்டுவாய்? ஒரு நாள் செய்தி, மறுநாள் மறந்துவிடுவார்கள். கட்டுரை அப்படியே நிற்கட்டும். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைக் காட்டிக் காட்டிப் பேசட்டும். அந்த ஆசிரியருக்கு, "விவாதம் தொடர்வதே அறிவியலுக்கு நல்லது" என்று ஒரு வரி எழுதிப்போடு. பெருந்தன்மையாகவும் இருக்கும்.

மன்னி உன்னை விசாரித்தாள்.

வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி,
19 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

இவருக்குச் சளி, எனக்குப் புகழ். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன.

ஹைதராபாத் மாநாட்டில் ஒரு முழு அமர்வை இந்த விஷயத்துக்கு ஒதுக்கினார்கள். நான்தான் தலைமை. மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் "சுதர்ஷன் பிழை" என்று பெயரே வைத்துவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டுவிட்டு எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்காமல் விடுகிற தப்புக்கு இனிமேல் அதுதான் பெயராம். ஆய்வு முறை பற்றிய பாடப்புத்தகம் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து எம்.எஸ்ஸி.க்குக் கேள்வியும் உண்டு. எங்கள் கல்லூரி ஆய்வேடுகளில் முதல் அத்தியாயத்தில் அந்தக் கட்டுரையை மறுத்து ஒரு பத்தி எழுதாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இசக்கிசெல்வி, "டீச்சரே, எனக்க ஆய்வு பல்லு சொத்தையைப் பத்தியாக்கும். இது எங்கன கேறும்?" என்று கேட்டாள். இடம் கண்டுபிடிக்கச் சொன்னேன். பல்லுக்கும் ரத்தம்தானே ஓடுகிறது.

புகார் கொடுக்கவில்லை. ஆசிரியருக்கு நீங்கள் சொன்ன வரியை எழுதினேன். என் பெருந்தன்மையை அவர் தலையங்கத்தில் பாராட்டி, அந்தக் கட்டுரையையும் அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறார்.

கடைசித் தேதியை மறுபடியும் தள்ளியிருக்கிறார்கள். மே மாதம்தான் நேர்காணலாம்.

நிகிலைப் பற்றி நான் கேட்பது இது நாலாவது தடவை. அவனுக்கு நேராக எழுதலாம் என்றால் விலாசம் தெரியவில்லை. உங்களோடுதான் இருக்கிறானா?

மதுவந்தி


நங்கநல்லூர்,
30 மார்ச் 2025

சௌ. மதுவந்திக்கு ஆசீர்வாதம்.

மூன்று மாதம் பதில் போடாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எல்லாரும் க்ஷேமம். மாடி வீட்டு நாய் தை மாதம் தவறிவிட்டது.

மாநாட்டு விவரம் படித்தேன். பாடப்புத்தகத்தில் வந்தது மிகவும் நல்லது. பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் மூலத்தைப் படிப்பதில்லை, ஆனால் மேற்கோள் காட்டிவிடுவார்கள். அந்த நைரோபிக்காரரிடம் இந்த வருஷ மாணவர்களையும் எழுதச் சொல். ஏப்ரலுக்குள் வந்தால் நல்லது.

இந்த மாதம் ஒரு வேலையாகக் காக்கநாடு வரை வந்திருந்தேன். இரண்டு நாள்தான். அங்கிருந்து மட்டாஞ்சேரி வர நேரமில்லை. தப்பாக நினைக்காதே.

வெங்கிடராமன்


மட்டாஞ்சேரி,
6 ஜூலை 2025

அண்ணாவுக்கு,

சௌக்கியம் இல்லை.

சுதர்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் எங்கள் கல்லூரி முதல்வரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விளம்பரத்தில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்திருக்கிறது. விண்ணப்பிப்பவரின் கட்டுரைகளில் ஒன்றாவது இருநூறு தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டுரைகளைப் படித்தால் விருப்பு வெறுப்பு வந்துவிடும் என்பதால் குழு அவற்றைப் படிக்காது. எண்ணை மட்டும் பார்க்கும். நான் தீர்மானம் எடுத்த அன்றைக்கு அவன் கட்டுரைக்கு இருந்தது ஐம்பத்தெட்டு. பதினைந்து வருஷத்தில் ஐம்பத்தெட்டு. அதனால்தான் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். மே மாதம் எண்ணிக்கை இருநூற்றுப் பதினான்கு. கூடினதில் முக்கால் பங்கு நானும் நான் கெஞ்சி எழுத வைத்தவர்களும். எண்ணுகிற இயந்திரத்துக்குப் பாராட்டும் வசையும் ஒன்றுதானாம். பல் சொத்தையையும் சேர்த்து எண்ணியிருக்கிறது.

குழுத் தலைவர் நேர்காணலில் எழுந்து நின்று கை கொடுத்தாராம். "உலகமே விவாதிக்கிற கட்டுரை. பாடப்புத்தகத்தில் சொந்தப் பெயரில் ஒரு கலைச்சொல். நம் மாநிலத்தில் வேறு யாருக்கு உண்டு?" என்று கேட்டாராம். அது என்ன கலைச்சொல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவன் எனக்குப் பூங்கொத்து அனுப்பியிருக்கிறான். "உன்னோட உழைப்பு இல்லாம இது நடந்திருக்காது கேட்டியோ" என்று போனிலும் சொன்னான். பதினைந்து வருஷமாக அந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் காத்திருந்தேன்.

எனக்கு ஒரு வாரம் லீவு வேண்டும். எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துக்கு அவனிடம்தான் போயிருக்கிறது.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். விளம்பரத்தை நான் படிக்கவில்லை, நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தீர்கள். முப்பது வருஷம் இதையே எண்ணினீர்கள். ஒருவரைத் திட்டி எழுதினாலும் அவர் கணக்கில்தான் கூடும் என்று உங்களுக்குத் தெரியாதா? புகார் கொடுக்காதே என்று ஸ்பீட் போஸ்டில் ஏன் எழுதினீர்கள்?

மதுவந்தி


நங்கநல்லூர்,
14 செப்டம்பர் 2025

சௌபாக்யவதி மதுவந்திக்கு, அண்ணா வெங்கிடராமன் அநேக ஆசீர்வாதம்.

இங்கே அனைவரும் பரம க்ஷேமம். அவ்விடம் மாப்பிள்ளையின் சளி எப்படி இருக்கிறது? மன்னியின் முழங்கால் ஆச்சரியமாகத் தேவலை. காலையில் கோயில் வரை நடக்கிறாள்.

நீ பல தடவை விசாரித்திருந்த நிகில் சௌக்கியம். உன் மதிப்பீடு வந்த பிறகு அவனுடைய உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷமும் எட்டு மாதமும் இங்கே மொட்டைமாடி அறையில் அடைந்து கிடந்தான். மன்னி தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவாள். பாதி நாள் தட்டு அப்படியே இருக்கும். நீ எழுதிய அந்த ஒரு வரியை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். இதையெல்லாம் கடிதத்தில் எழுதி உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

காக்கநாட்டுக்கு நான் வந்தது சுதர்ஷனைப் பார்க்கத்தான். அவர் விண்ணப்பத்தோடு வைத்த மேற்கோள் அறிக்கையை நான்தான் தயார் செய்து கொடுத்தேன். ஒரு எண்கூடப் பொய்யில்லை, நீ சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்காகப் பணம் எதுவும் வாங்கவில்லை. ஒரு ஆய்வாளர் பணியிடம் பற்றித்தான் பேசினோம்.

நீ கேட்டதற்குப் பதில். முப்பது வருஷம் எண்ணியவனுக்குத் தெரியாமல் இருக்குமா? முறைப்படிச் செய்தேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். உன் ஜனவரி மாதக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நிகில் ஒன்றாம் தேதி காக்கநாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். தங்க இடம் சுதர்ஷனே பார்த்துக் கொடுத்திருக்கிறார், ஆகையால் உனக்குச் சிரமம் இல்லை.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம்.
வெங்கிடராமன்

பி.கு.: நீ நிராகரித்த கட்டுரை இந்த மாதம் வேறொரு இதழில் வெளிவந்திருக்கிறது. உன் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றியுரையில் இருக்கிறது.